வாழைநாரை முதலில் எந்த லேப்புக்கு அனுப்புவது?

குலை வெட்டிய பிறகு தோட்டத்தில் நிற்கும் வாழையை அப்புறப்படுத்தவே தனிக் கூலி ஆகிறது. அதற்குப் பதில் பட்டையைப் பிரித்து நாராக்கி விற்கலாமே என்று நாரெடுக்கும் மெஷின் வாங்குகிறார்கள். மெஷின் ஓடத் தொடங்கியதும் வருகிற கேள்வி, இதை யாருக்கு விற்பது என்பதுதான். சொல்லப்படும் வழிகள் மூன்று: துணி நெய்யலாம், பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் கார் பாகம் செய்யலாம், சானிட்டரி நாப்கினிலும் காயக்கட்டிலும் உறிஞ்சும் பஞ்சாக வைக்கலாம்.

மூன்றும் நடந்துகொண்டிருக்கும் காரியங்களே. சென்னை அனகாபுத்தூரில் வாழைநார் ஊடிழையாகப் போகும் சேலைகள் நெய்கிறார்கள். வாழையின் நெருங்கிய உறவான அபாகாவின் நார், மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரில் ஸ்பேர் டயர்க் குழியின் மூடியாகப் போயிருக்கிறது. அகமதாபாத்தின் சாத்தி நிறுவனம் வாழைநாரை வைத்து நாப்கின் செய்கிறது. ஆனால் இந்த மூன்று வாங்குபவர்களும் கேட்கும் டெஸ்ட் ரிப்போர்ட் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது. கையிருப்பை வைத்துக்கொண்டு மூன்று லேப்புக்கும் ஒரே சமயத்தில் அனுப்பக் கட்டுப்படியாகாது. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு, எதைச் செய்யாமலே விடலாம் என்று பிரித்துப் பார்த்தால் பணமும் மிஞ்சும், எந்தச் சந்தைக்குப் போவது என்பதும் தெளியும்.

ஒரே நாரை இந்த மூன்று துறைகளும் மூன்று விதமாகக் கையில் எடுக்கின்றன. ஜவுளி லேப் ஒரு கொத்து நாரைப் பிடித்து அளக்கும். பொருளறிவியல் லேப் ஒற்றை நாரை எடுத்து அறுகிறவரை இழுக்கும். மருத்துவ லேப் பல சோதனைகளில் நாரைத் தொடுவதே இல்லை. நாரை ஊறவைத்து, ஊறிய நீரைத்தான் சோதிக்கும். இது புரிந்துவிட்டால் ரிப்போர்ட்டில் வரும் எண்களைப் பார்த்து மிரளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம்.

ஜவுளி லேப்: நுண்மையும் பசையும்

கோவை வட்டாரத்தில் லேப் என்றாலே பலருக்கும் ஹெச்.வி.ஐ. மெஷின்தான் நினைவுக்கு வரும். ஒரு கொத்துப் பஞ்சை வைத்தால் நீளம், பலம், மைக்ரோனேர், நிறம் என்று எல்லாம் சில நிமிடத்தில் வந்துவிடும். வாழைநாரை அதில் வைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அது பருத்திக்கென்றே அளவு திருத்தப்பட்ட கருவி. மைக்ரோனேர் என்பது குறிப்பிட்ட எடையுள்ள பஞ்சு அடைப்பின் வழியே காற்று எவ்வளவு சிரமப்பட்டுப் போகிறது என்பதை அளப்பது. பருத்தியிலேயே அந்த எண் குறைந்தால் இழை மெலிதாக இருக்கிறதா, முதிராமல் இருக்கிறதா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வாழைநாருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

வாழைநாருக்குப் பொருந்தும் முறைகள் சணலுக்காக உருவானவை. நாரைக் குறிப்பிட்ட நீளத்துக்கு வெட்டி, எண்ணி, எடை போட்டு நுண்மை, அதாவது நார் எவ்வளவு மெலிது என்று கண்டுபிடிப்பார்கள். கொத்துப் பலம் பார்ப்பார்கள். நாரின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பசை எத்தனை சதவீதம் மிச்சமிருக்கிறது என்று பார்ப்பார்கள். கொல்கத்தாவில் இருக்கும் மத்திய அரசின் இயற்கை நார் ஆராய்ச்சி நிறுவனமான நின்ஃபெட்டின் கைப்பழக்கம் இதில்தான்.

நுண்மை எண் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 150 மைக்ரான் (0.15 மில்லிமீட்டர்) பருமனுள்ள வாழைநார் ஏறக்குறைய 215 டெனியர் வரும்; டெனியர் என்பது 9,000 மீட்டர் நாரின் எடை, கிராமில். மைக்ரோனேர் 4 உள்ள பருத்தி இழை 1.4 டெனியர்தான். ரிங் ஸ்பின்னிங்கில் நூலின் குறுக்கே குறைந்தது 80 முதல் 100 இழைகளாவது இருக்க வேண்டும். மெஷினிலிருந்து வந்த வாழைநாரை அப்படியே எண்பது சேர்த்தால் கிடைப்பது 0.3-ஆம் நம்பர் நூல் (நம்பர் ஏற ஏற நூல் மெலியும்), அதைக் கயிறு என்றே சொல்லலாம். திருப்பூரில் பனியனுக்கு ஓட்டுவது 30, 40-ஆம் நம்பர்.

மேலே உடுத்தும் துணி என்றால் இன்னொரு தடையும் உண்டு. கம்பளி ஆராய்ச்சியில் நெடுநாளாகத் தெரிந்த அளவு இது: 30 மைக்ரானைத் தாண்டிய இழைகள் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருந்தால் தோலில் குத்தத் தொடங்கும். பருமனான இழை தோலில் பட்டதும் மடங்காமல் நின்று குத்துவதுதான் காரணம். இழையின் விறைப்பு பருமனின் நான்காம் மடிப்படி ஏறுகிறது. பருமனைப் பாதியாக்கினால் வளைக்க வேண்டிய விசை பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் பசை நீக்கி நாரைப் பிளப்பதில் இவ்வளவு பேர் மெனக்கெடுகிறார்கள்.

பசை நீக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வாழைநாரின் அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் இந்த எல்லை புரியாது. பருத்தி இழை ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். அந்த ஒற்றைச் செல்லே 28, 30 மில்லிமீட்டர் வளர்கிறது. நாம் கையில் பிடிக்கும் ஒரு மீட்டர் வாழைநார் அப்படி அல்ல. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள எண்ணற்ற செல்கள் பெக்டின், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் ஆகியவற்றால் ஒட்டிக் கட்டாக நிற்பது அது. காரத்திலோ என்சைமிலோ பசையைக் கொஞ்சம் எடுத்தால் நார் மெலிந்து மென்மையாகும். முழுவதும் எடுத்தால் நூற்கவே முடியாத குட்டைச் செல்கள்தான் மிஞ்சும். பாதியில் நிறுத்தத் தெரிய வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதைச் சொல்வது பசைச் சதவீதமும் நுண்மையும் சேர்ந்த இரண்டு எண்கள். ஜவுளி லேப்பிடம் வாங்க வேண்டியவற்றில் விலைமதிப்புள்ளவை இவைதாம் என்பது என் கருத்து.

அனகாபுத்தூரிலும் ஜப்பானின் ஒகினாவாத் தீவில் கிஜோகா என்ற ஊரிலும் நெசவாளர்கள் இந்தச் சிக்கலுக்குள் போகாமலே நெய்கிறார்கள். நாரை நகத்தால் மெலிதாகக் கிழித்து, முனைக்கு முனை முடிச்சுப் போட்டே நீட்டிக்கொள்கிறார்கள். அங்கே நூற்பு என்ற படியே இல்லை. ஒகினாவாவின் பாஷோஃபு துணி இப்படித்தான் உருவாகிறது. அந்தக் கைவேலைக்கு நார் கொடுப்பதாக இருந்தால் லேப்பைவிட நெசவாளரின் விரலே நல்ல சோதனை: உள்பட்டை நாரை மட்டும் தனியாகக் கட்டி அனுப்பிப் பாருங்கள்.

பொருளறிவியல் லேப்: ஒற்றை நார்

காம்போசிட் வழிக்கு, அதாவது பிளாஸ்டிக்கோடு நாரைச் சேர்க்கும் வழிக்குப் போகிறவர்களைக் கவரும் எண்கள் திருவனந்தபுரத்தில் அளக்கப்பட்டவை. அப்போது வட்டார ஆய்வுக்கூடம் என்று இருந்த இடத்தில், 1983-இல் வெளியான ஆய்வில், 50 முதல் 250 மைக்ரான் பருமனுள்ள வாழைநார்களின் பலம் 700-க்கும் 800-க்கும் இடைப்பட்ட மெகாபாஸ்கல், விறைப்பு 30 கிகாபாஸ்கலை ஒட்டி என்று வந்தது. சாதாரணக் கட்டுமானக் கம்பியின் பலம் 500, 600 மெகாபாஸ்கல்தான் என்பதால் 'இரும்பைவிடப் பலம்' என்று நோட்டீஸ் அடித்துவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று கிட்டே போய்ப் பார்க்கலாம். கெட்டித் தாளில் ஜன்னல் மாதிரி ஓர் ஓட்டை வெட்டுவார்கள். 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றை நாரை அதன் குறுக்கே நேராக வைத்து இரு முனையிலும் ஒரு சொட்டுப் பசை. காய்ந்ததும் தாளோடு சேர்த்து மெஷினின் தாடையில் கடிக்கவிட்டு, தாளின் இரண்டு பக்கப் பட்டிகளையும் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவார்கள். இப்போது மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் இணைப்பது அந்த ஒரு நார் மட்டும். இழுத்து, அறுந்த விசையை நாரின் குறுக்குப் பரப்பால் வகுத்தால் மெகாபாஸ்கல். இப்படி ஒவ்வொரு நீளத்துக்கும் இருபது முப்பது நாராவது அறுக்க வேண்டும்.

சிக்கல் குறுக்குப் பரப்பில்தான். வாழைநார் உருண்டை அல்ல. ஒரு பக்கம் தட்டை, உள்ளே செல்களின் குழிகள். மைக்ராஸ்கோப்பில் பார்த்து வட்டம் என்று பாவித்துக் கணக்கிட்டால், பருமனில் பத்து சதவீதம் பிசகினால் பலத்தில் இருபது சதவீதம் பிசகும். இந்த இடத்தில் ஜவுளிக்காரரின் பழைய வழிதான் நம்பகமானது. அவர் பருமனைப் பார்ப்பதே இல்லை. நீளத்துக்கு எடை எவ்வளவு என்று பார்த்து, விசையை டெக்ஸால் (1,000 மீட்டர் நாரின் எடை, கிராமில்) வகுத்துவிடுகிறார். அந்த எண்ணை அடர்த்தியாலும் பத்தாலும் பெருக்கினால் மெகாபாஸ்கல் ஆகிவிடும். 700 மெகாபாஸ்கல் வாழைநார், அடர்த்தி 1.35 என்று எடுத்தால், டெக்ஸுக்கு 52 சென்டிநியூட்டன். நல்ல பருத்தி 30 வரும். ஜவுளி ரிப்போர்ட் கையில் இருந்தால் பொருளறிவியல் எண்ணைப் பெரும்பாலும் நீங்களே கணக்குப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அடுத்தது, அறுத்த நீளம். குட்டை நாரைவிட நீட்டு நார் சீக்கிரம் அறும், ஏனென்றால் நீளம் கூடக்கூட அதில் எங்கோ ஓர் ஊனம் அகப்படும் வாய்ப்பு கூடுகிறது. ஏ. ஏ. கிரிஃபித் 1920-களின் தொடக்கத்தில் வெளியிட்ட கண்ணாடி இழைச் சோதனைகளில், ஒரு மில்லிமீட்டர் பருமனில் சுமார் 170 மெகாபாஸ்கலில் உடைந்த கண்ணாடி, 3 மைக்ரானுக்கு இழுத்தபோது 3,400 வரை தாங்கியது. ஊனங்கள்தான் பலத்தைத் தீர்மானிக்கின்றன என்பது அங்கிருந்து வந்த பாடம். மிகப் பலவீனமான கண்ணி அறும் இடத்தில்தான் நூலும் அறும் என்பதைக் கணக்காக்கியவரோ ஒரு பருத்தி ஆராய்ச்சியாளர்: மான்செஸ்டர் ஷர்லி நிலையத்தின் எஃப். டி. பியர்ஸ், 1926-இல். இன்று பொருளறிவியல் லேப்கள் பயன்படுத்தும் வெய்புல் கணக்கு அதற்குப் பிறகு, 1939-இல் வந்தது.

வாழைநாரில் இந்த நீள விஷயத்துக்கு இன்னோர் அர்த்தமும் இருக்கிறது. தாடைகளுக்கு நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் விட்டு அறுத்தால் செல்லின் சுவரையே பெரும்பாலும் சோதிக்கிறீர்கள். 20, 50 மில்லிமீட்டர் விட்டால் செல்களுக்கு இடையே இருக்கும் பசையையும் சேர்த்துச் சோதிக்கிறீர்கள். ரிப்போர்ட்டில் நீளம் எழுதப்படாத பலத்துக்கு மதிப்பே கிடையாது.

இத்தனைக்கும் காம்போசிட் வாங்குபவர் உச்சப் பலத்தைப் பார்த்து வாங்குவதில்லை. கார்க் கதவின் உள்பலகைக்கு வேண்டியது விறைப்பும் எடைக் குறைவும். அங்கே வாழைநார் நன்றாகவே நிற்கிறது. விறைப்பை அடர்த்தியால் வகுத்தால் கண்ணாடி நாருக்கு 28, வாழைநாருக்கு 22 என்ற அளவில் வரும். செல் சுவரின் நுண்ணிழைகள் நாரின் அச்சுக்கு 11, 12 டிகிரிக்குள் சாய்ந்திருப்பதுதான் அதற்குக் காரணம். தேங்காய் நாரில் இந்தச் சாய்வு 30-லிருந்து 45 டிகிரிக்கும் மேலே போகிறது. அதனால் அது நீண்டு கொடுக்கும், விறைக்காது.

வாங்குபவர் உண்மையில் கவலைப்படுவது சீர்மையைப் பற்றி. போன மாத லோடும் இந்த மாத லோடும் ஒன்றாக இருக்குமா? அடுத்து சூடு. ஹெமிசெல்லுலோஸ் 200 டிகிரியைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். 165 டிகிரியை ஒட்டி உருகும் பாலிபுரொப்பிலீனில் நாரைக் கலக்கலாம். 260-இல் உருகும் நைலான் 66-இல் கலந்தால் கருகும். பிறகு ஈரம். காயாத நார் அச்சுக்குள் ஆவி விட்டுக் குமிழ் போடும். ஆகவே இந்த லேப்புக்குப் போனால் முதலில் கேட்க வேண்டியது டி.ஜி.ஏ. என்ற சூட்டுச் சோதனையும் ஈர அளவும்தான். ஒற்றை நார் பலச் சோதனை, வாங்குபவர் கேட்டால் மட்டும்.

எஸ்.இ.எம். என்ற எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம் பற்றி ஒரு வார்த்தை. பலரும் முதலில் எடுக்க ஆசைப்படுவது அதைத்தான், பிரசுரத்தில் போட அழகாக இருக்கும். அந்தப் படத்தைக் காட்டி யாரிடமும் விலை பேச முடியாது. காரத்தில் ஊறவைத்த பிறகு மேற்பரப்பின் மெழுகு போயிற்றா, உடைந்த பலகையில் நார் ரெசினோடு ஒட்டி அறுந்ததா, உருவிக்கொண்டு வந்ததா என்று பார்க்க மட்டும் அது வேண்டும். அகச்சிவப்புக் கதிரை விட்டுப் பொருளின் வேதியமைப்பைப் பார்க்கும் எஃப்.டி.ஐ.ஆர். சோதனையும் ஏறக்குறைய அப்படியே. வாழை, பருத்தி, விஸ்கோஸ் மூன்றும் செல்லுலோஸ் என்பதால் அதில் பிரித்தறிவது கடினம். பசை நீக்கத்தின்போது அந்த வரைபடத்தில் 1,735 (செ.மீ.⁻¹) அளவை ஒட்டிய ஹெமிசெல்லுலோஸ் உச்சி மறைந்ததா என்று சரிபார்க்க உதவும்.

மருத்துவ லேப்: ஊறிய நீர்

நாப்கினுக்கோ காயக்கட்டுக்கோ போகும் நாரின் பலத்தை யாரும் பெரிதாகக் கேட்கப் போவதில்லை. மருந்தகப் பஞ்சுக்கு ஐரோப்பிய பார்மகோபியா என்ற மருந்துத் தர நூல் வைத்திருக்கும் அளவுகளைப் பாருங்கள்: தண்ணீரில் போட்டால் 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும், ஒரு கிராம் பஞ்சு 23 கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்க வேண்டும். மெஷினிலிருந்து வந்த வாழைநார் மேலுள்ள மெழுகாலும் லிக்னினாலும் மிதக்கும். கொதிகாரத்தில் வேகவைத்து, பெராக்சைடில் வெளுத்த பிறகே மூழ்கும். இந்த மூழ்கும் சோதனையை வீட்டிலேயே ஒரு வாளித் தண்ணீரும் கடிகாரமும் வைத்துச் செய்து பார்க்கலாம். அதில் தேறாததை லேப்புக்கு அனுப்பி என்ன பயன்?

ஜவுளி வழியில் குறையாக இருந்த குட்டைச் செல் இங்கே குறையே அல்ல. முழுவதும் பசை நீக்கிய, நூற்க லாயக்கில்லாத கூழ்தான் உறிஞ்சும் அடுக்குக்கு வேண்டியது. காகிதத்துக்கும் அப்படியே, அபாகாவின் செல்கள்தான் டீ பேக் தாளிலும் ஜப்பானிய நோட்டுக்களிலும் இருக்கின்றன. நாரின் இயல்போடு ஒத்துப்போகிற வழி இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் கண்டிப்பும் இங்கேதான் அதிகம். மருத்துவப் பொருள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்கும் சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 10993-இன் ஐந்தாம் பகுதிப்படி, நாரை 37 டிகிரியில் செல் வளர்க்கும் திரவத்தில் ஊறவைத்து, அந்தத் திரவத்தை எல்929 என்ற எலிச் செல்களின் மேல் விடுவார்கள். உயிரோடிருக்கும் செல்கள் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சுத்தன்மை உண்டு என்று எழுதிவிடுவார்கள். சுத்தமான செல்லுலோஸ் செல்களைக் கொல்லாது. கழுவாமல் விட்ட காரம், பெராக்சைடு, தோட்டத்தில் அடித்த மருந்து, இவைதான் கொல்லும். வாழையில் தண்டுக் கூன்வண்டுக்கு மருந்தைத் தண்டுக்குள்ளேயே ஊசியில் ஏற்றும் பழக்கம் உண்டு. அந்தத் தண்டின் பட்டையைத்தானே நாம் நாராக்குகிறோம்? பெண்கள் உடம்பில் மணிக்கணக்கில் ஒட்டியிருக்கப் போகும் பொருள் இது. எந்தத் தோட்டத்து மரம், என்ன மருந்து, எப்போது என்ற பதிவு இல்லாத நாரை இந்த வழிக்கு அனுப்பவே கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

நாப்கினுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 5405 போதும். திறந்த காயத்தில் வைக்கும் கட்டு என்றால் 2017-இன் மருத்துவச் சாதன விதிகளுக்குள் வரும், கிருமிநீக்கமும் வேண்டும். கிருமிநீக்கத்துக்கு வழக்கமான 25 கிலோகிரே காமாக் கதிர், செல்லுலோஸ் சங்கிலியை வெட்டி நாரைப் பலவீனமாக்கும் என்பதால் சோதனைகளைக் கதிருக்குப் பிறகும் ஒருமுறை செய்ய வேண்டியிருக்கும். சிறு உற்பத்தியாளர் காயக்கட்டில் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மருத்துவத்துக்கு இதில் இன்னொரு வேலையும் உண்டு, பலர் மறந்துவிடுவது: நாரைக் காயவைத்துச் சீவுகிறவர்களின் நெஞ்சு. பருத்தி, ஆளி, சணப்பு நார்த்தூசியால் வரும் பிசினோசிஸ் நோயில் லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் நெஞ்சு இறுகும். தூசி என்றதும் ஆஸ்பெஸ்டாஸ் முறையில் நாரை எண்ணச் சொல்லக் கூடாது. 5 மைக்ரானைவிட நீளம், 3 மைக்ரானைவிட மெல்லியது என்ற அந்த எண்ணும் விதி நுரையீரலின் ஆழத்துக்குள் போகும் இழைகளுக்கானது. வாழைநாரோ அதைவிடப் பல மடங்கு பருமன். இங்கே பார்க்க வேண்டியது காற்றில் இருக்கும் தூசியின் எடை. அமெரிக்காவில் 1978-இல் நூல் மில்களுக்கு வைத்த வரம்பும் எடையில்தான்: கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம்.

எந்த வரிசையில்

எந்தச் சந்தை என்று முடிவாகாதவர்கள் முதலில் ஜவுளி லேப்புக்கே போகலாம்: நுண்மை, பசை, ஈரம், கொத்துப் பலம், இந்த நான்கு மட்டும். கோவையின் ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ராவில் ஜவுளிச் சோதனையும் மருத்துவ ஜவுளிக்கான மையமும் ஒரே வளாகத்தில் இருப்பதால் நம் பக்கத்தவர்களுக்கு அங்கே தொடங்குவது சௌகரியம். மூன்று நான்கு லோடுகளின் எண்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நுண்மை அதிகம் அலையாமல் இருந்தால் காம்போசிட் வாங்குபவரிடம் பேசலாம், அதற்குப் பிறகு சூட்டுச் சோதனை. லோடுக்கு லோடு மாறினால் மனம் தளர வேண்டாம். கூழுக்கும் காகிதத்துக்கும் அந்த வேறுபாடு பெரிதாகப் படாது. தோட்டப் பதிவு கையில் இருந்தால் அடுத்த செலவு மருத்துவ லேப்புக்கு. மில் நூலுக்குப் போவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், என்சைம் முறையும் அதைக் கையாளத் தெரிந்த ஆளும் கிடைத்த பிறகு.

சாம்பிள் எடுப்பதில் கவனமில்லாவிட்டால் எந்த லேப்பும் உதவாது. ஒரே மரத்தில் வெளிப்பட்டை நார் முரடு, உள்பட்டை நார் மெலிது. எல்லாவற்றையும் கலந்து ஒரு கட்டாக அனுப்பினால் வருவது எதற்கும் பொருந்தாத சராசரி. வெளி, நடு, உள் என்று தனித்தனிக் கட்டாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் ரகம், குலை வெட்டி எத்தனையாவது நாள் நாரெடுத்தது, வெயிலில் காய்ந்ததா நிழலிலா, காரம் பட்டதா என்று அட்டையில் எழுதிக் கட்டுங்கள். பூவன், நேந்திரன், கற்பூரவள்ளி என்று ரகத்தோடு எழுதினால் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் யோசனை கேட்கப் போகும்போதும் அதே அட்டை உதவும். லேப்பில் ஒப்படைக்கும்போது, 27 டிகிரி, 65 சதவீத ஈரப்பதத்தில் ஒருநாள் வைத்த பிறகு சோதிக்கவும், அறுத்த நீளத்தை ரிப்போர்ட்டில் குறிப்பிடவும் எழுத்திலேயே கேட்டுவிடுங்கள்.